மேலே வைத்த ஃபைல்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அரசாங்க லைசென்ஸ் விஷயமாக அரை மணி நேரம் பேசுங்கோ, நம் ஜனங்கள் நிறைய பேர் சின்னதாக வியாபாரம் ஆரம்பிக்கிறார்கள்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். அடுத்தது சாப்பாடு என்பதையும் ஞாபகப்படுத்தினார். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

நான் மத்திய அரசில் 1971 முதல் 2009 வரை வேலை பார்த்தவன். அதில் பெரும்பகுதி லைசென்ஸ், பெர்மிட், ஒதுக்கீடு என்று காகிதம் தரும் இடங்களில். ரிடையர் ஆன பிறகு, அந்தக் காகிதத்தைக் கேட்டு நிற்பவர்களுக்கு விண்ணப்பம் எழுதித் தருகிறேன், காசு வாங்காமல். ஆக, கவுண்டருக்கு இரண்டு பக்கமும் நின்றவன். இந்த மாதிரி கூட்டங்களில் யார் பேசினாலும் "அரசாங்க ஆபீசில் லஞ்சம் இல்லாமல் எதுவும் நடக்காது" என்று ஆரம்பிப்பார்கள், நாமும் தலையாட்டுவோம். நான் வேறு இடத்தில் ஆரம்பிக்கிறேன். லஞ்சமே இல்லாமல் நான் செய்த ஒரு அநியாயத்தைச் சொல்கிறேன். ஐம்பது வருஷமாக வீட்டில்கூடச் சொல்லாதது.

1976-ம் வருஷம். எந்த ஊர், எந்த அலுவலகம் என்பது வேண்டாம். சிறு தொழிற்சாலைகளுக்கு மூலப்பொருள் ஒதுக்கீடு செய்யும் பிரிவு. என் மேஜைக்கு வரும் விண்ணப்பங்களை வந்த தேதி வரிசையில் சரிபார்த்து, குறிப்பு எழுதி, மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். ஒரு காலத்துக்கு இவ்வளவு டன் என்று கையிருப்பு உண்டு. அது தீர்ந்தால் மீதி விண்ணப்பங்கள் நிராகரிப்பு. இதுதான் முறை.

நம்மவர் ஒருவர் வந்தார். என் மாமனாரின் ஊர்க்காரர். ராம நவமி உற்சவத்தில் பார்த்துப் பேசிய பழக்கம். "சித்த பாத்துப் பண்ணுங்கோ, நம்மாத்துக் காரியம்னு நெனச்சுக்கோங்கோ" என்றார். அவ்வளவுதான். காசு பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுந்து போகச் சொல்லியிருப்பேன். அந்த விஷயத்தில் எனக்கு அப்போது ரொம்பவே கர்வம். அடுக்கின் நடுவிலிருந்த அவருடைய ஃபைலை எடுத்து மேலே வைத்தேன். எல்லாத் தகுதியும் உள்ள ஃபைல்தான். ஒரு விதியையும் மீறவில்லை. அதே வாரம் உத்தரவு போயிற்று. தீபாவளிக்கு அவர் ஆத்திலிருந்து ஒரு டப்பா மைசூர்பாகு வந்தது.

அந்தக் காலத்துக்கான கையிருப்பு, அடுக்கில் கீழே இருந்த ஒரு ஃபைலுக்கு முன்னால் தீர்ந்துபோயிற்று. அது ஒரு சின்னப் பட்டறைக்காரருடையது. இரண்டு லேத், நாலு ஆட்கள். தேதிப்படி அவர் முன்னால் வந்தவர். அவருக்கு சைக்ளோஸ்டைல் செய்த ஒரு கடிதம் போயிற்று: "பொது நலன் கருதி தங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை." இரண்டு நாள் கழித்து அந்தக் கடிதத்தை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். சண்டை போடவில்லை. "சாப், இதில் என்ன தப்பு என்று மட்டும் சொல்லுங்கள், அடுத்த தடவை திருத்திக்கொள்கிறேன்" என்று ஹிந்தியில் கேட்டார்.

திருத்திக்கொள்ள அவரிடம் ஒரு தப்பும் இல்லை. தப்பு என் கையில் இருந்தது. "மேலிடத்து முடிவு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்த காலத்துக்கு அவர் விண்ணப்பிக்கவில்லை. லேத்தை விற்றுவிட்டார் என்று பின்னால் பியூன் சொல்லிக் கேள்விப்பட்டேன். அவருடைய பெயர் இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மைசூர்பாகு அனுப்பியவருடைய இனிஷியல் மறந்துவிட்டது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாம் லஞ்சத்தை மட்டும்தான் அநியாயம் என்று கணக்கில் வைக்கிறோம். "தெரிந்தவர்" என்பதை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதை ஒரு நல்ல குணமாகவே நினைக்கிறோம். ஊர் விட்டு ஊர் வந்து, வேலை தேடி, வீடு தேடிப் பிழைத்த ஜனம் நாம். தெரிந்தவர் இல்லாமல் நம்மில் யாரும் இந்த நகரங்களில் காலூன்றவில்லை, அதை மறுக்கவில்லை. ஆனால் அரசாங்க மேஜையில் தெரிந்தவருக்குச் செய்கிற ஒவ்வொரு உபகாரமும், முகம் தெரியாத ஒருவரிடமிருந்து எடுத்துக் கொடுப்பதுதான்.

அந்தக் காலத்து ஏற்பாடே இதற்கு இடம் கொடுத்தது. 1951-ம் வருஷத்துத் தொழில்கள் வளர்ச்சி, ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ், அட்டவணையில் உள்ள தொழிலில் புதிதாக ஒரு ஆலை வைக்க, பெரிதாக்க, புதுப் பொருள் தயாரிக்க, இடம் மாற்ற, எல்லாவற்றுக்கும் லைசென்ஸ் வேண்டும். அனுமதித்த அளவுக்கு மேல் உற்பத்தி செய்வதே குற்றமாக இருந்த தேசம் இது! இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். நோக்கம் கெட்டதல்ல. நாட்டில் அந்நியச் செலாவணி இல்லை, உருக்கு இல்லை, இருப்பதைத் திட்டமிட்டுப் பங்கிட வேண்டும், பெரிய முதலாளிகளே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுவிடக் கூடாது என்பதுதான். நடந்தது நேர்மாறு. 1967-ல் ஹஸாரி அறிக்கையும் 1969-ல் தத் கமிட்டி அறிக்கையும் காட்டியது என்ன? பெரிய தொழில் குடும்பங்கள்தான் லைசென்ஸ்களை அதிகம் வாங்கியிருந்தன. சிலவற்றை வாங்கி உபயோகிக்காமலே வைத்திருந்தன, இன்னொருவர் அந்தத் தொழிலுக்குள் வராமல் இருப்பதற்காக. சின்னவனைக் காப்பாற்ற வைத்த வேலி, பெரியவன் வீட்டுக் காம்பவுண்டு சுவராகிவிட்டது.

ராஜாஜி இதை முன்கூட்டியே சொன்னார். 1959-ல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியபோது "பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யம்" என்று அவர் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. அவருடைய அரசியல் உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம், அது வேறு பேச்சு. இன்னொரு தமிழர் கே. சந்தானம். அவர் தலைமையிலான ஊழல் தடுப்புக் கமிட்டி 1964-ல் அறிக்கை தந்தது. அதன் சிபாரிசில்தான் மத்திய விஜிலென்ஸ் கமிஷனே வந்தது. காரியம் வேகமாக நடக்கக் கொடுக்கிற "ஸ்பீட் மணி" பற்றி அந்த அறிக்கை எழுதியதை, எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் படித்திருக்க வேண்டும், படித்ததாகத் தெரியவில்லை. அதன் சாரம் இதுதான்: வேகத்துக்குப் பணம் கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால், பணம் வரும்வரை காரியத்தைத் தொடாமல் வைத்திருக்கும் பழக்கம் வந்துவிடும். தாமதத்துக்கு மருந்து என்று கொடுத்த பணமே தாமதத்தை உற்பத்தி செய்கிறது. ஆன் க்ரூகர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1974-ல் எழுதிய ஒரு கட்டுரையில், இப்படி லைசென்ஸ்களால் உண்டாகும் உபரி ஆதாயத்தை 1964-ம் ஆண்டு இந்தியாவுக்குக் கணக்கிட்டிருக்கிறார். தேசிய வருமானத்தில் 7.3 சதவீதம். அதில் பெரும்பங்கு இறக்குமதி லைசென்ஸ்.

1991 ஜூலை 24-ம் தேதி புதிய தொழில் கொள்கை வந்தது. 18 தொழில்களைத் தவிர மற்றவற்றுக்குத் தொழில் லைசென்ஸ் தேவையில்லை என்று ஒரே அறிவிப்பில் போயிற்று. அன்று எங்கள் அலுவலகத்தில் சிலர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஒரு சீனியர், "இனிமே நம்மளை யார் நமஸ்காரம் பண்ணுவா?" என்றே கேட்டுவிட்டார்.

ஆனால் அதோடு லைசென்ஸ் ஒழிந்துவிடவில்லை. ஒழியவும் கூடாது. டில்லி அங்கத்தினர்களுக்கு 1997 ஜூன் 13 மறந்திருக்காது. உப்ஹார் சினிமாவில் தீயும் புகையும் பரவி 59 பேர் இறந்தார்கள். பால்கனியில் கூடுதல் இருக்கைகள் போட்டதில் ஒரு பக்கத்து வழி அடைபட்டிருந்தது. அந்த இருக்கைகளுக்கு ஒரு காலத்தில் யாரோ ஒருவர் மேஜையில் அனுமதி கிடைத்திருந்தது. உணவு, மருந்து, தீ, பள்ளிக்கூடக் கட்டடம், இவற்றுக்கெல்லாம் கட்டுப்பாடு இருந்தே தீர வேண்டும். என் கேள்வி கட்டுப்பாடு வேண்டுமா என்பதல்ல. விதி என்ன என்று வாசலில் நிற்பவருக்கும் தெரியுமா, அவருக்குப் பின்னால் வந்தவர் முன்னால் போனால் அது அவர் கண்ணில் படுமா, மறுத்தால் காரணம் எழுத்தில் கிடைக்குமா, இவைதான்.

நமக்கெல்லாம் ஹோட்டல், கேண்டீன் என்றால் தனிப் பிரியம் என்பதால் ஒரு வழக்கைச் சொல்கிறேன். பம்பாய் விமான நிலையத்தில் ஒரு இரண்டாம் வகுப்பு ரெஸ்டாரண்டும் இரண்டு சிற்றுண்டிக் கடைகளும் நடத்த 1977-ல் டெண்டர் கேட்டார்கள். குறைந்தது ஐந்து வருஷ அனுபவமுள்ள, பதிவு பெற்ற இரண்டாம் வகுப்பு ஹோட்டல்காரர்கள் மட்டும் போடலாம் என்று நிபந்தனை. அதிகத் தொகை கேட்டவருக்குக் கேண்டீன் நடத்திய அனுபவம்தான் உண்டு, ஹோட்டல் கிடையாது. ஆனாலும் அவருக்கே கொடுத்தார்கள். ஒருவர் கோர்ட்டுக்குப் போனார். அவர் வாதத்தைக் கவனியுங்கள்: "எனக்கும் அந்தத் தகுதி இல்லை. அதனால்தான் நான் டெண்டரே போடவில்லை. நிபந்தனையைத் தளர்த்துவீர்கள் என்று தெரிந்திருந்தால் நானும் போட்டிருப்பேனே!" 1979-ல் சுப்ரீம் கோர்ட், நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பில், இந்த வாதம் சரி என்றது. அரசாங்கம் தானே விதித்த நிபந்தனைக்குத் தானும் கட்டுப்பட்டது. யாருக்கு லைசென்ஸ், யாருக்கு காண்டிராக்ட் என்பதில் அது தனியார் மாதிரி மனம்போல நடக்க முடியாது, அரசியல் சாசனத்தின் 14-வது பிரிவு அங்கேயும் உண்டு என்றது. ஒரு வேடிக்கை, மனுதாரருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தாமதமாக வந்தார், வேறு யாருக்காகவோ வந்தார் என்று மனு தள்ளுபடி. ஆனாலும் இன்றைக்கு எந்த டெண்டர் வழக்கிலும் அந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டாமல் வக்கீல் உட்காருவதில்லை.

அதற்கு முந்தைய வருஷம், 1978 ஜனவரியில், மேனகா காந்தி வழக்கின் தீர்ப்பு. அவருடைய பாஸ்போர்ட்டை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. ஏன் என்று கேட்டதற்கு, "பொது நலன் கருதிக் காரணம் தர இயலாது" என்ற பதில். சட்டப்படி என்று சொன்னால் மட்டும் போதாது, அந்த நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்றது கோர்ட். பேப்பரில் "பொது நலன் கருதி" என்ற அந்த வார்த்தைகளைப் படித்தபோது, அலுவலகத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சைக்ளோஸ்டைல் கட்டு பக்கத்து ஷெல்ஃபில்தான் இருந்தது.

வரிசை என்ற ஒன்று இருப்பதாலேயே நியாயம் வந்துவிடாது என்பதற்கு 2008 ஜனவரி 10-ஐச் சொல்லலாம். டெலிகாம் லைசென்ஸ்கள் "முதலில் வந்தவருக்கு முதலில்" என்ற முறையில் தரப்பட்டன. கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஆனால் விண்ணப்பத்துக்கு அக்டோபர் 1 என்று அறிவித்திருந்த கடைசித் தேதி, பின்னோக்கி செப்டம்பர் 25 ஆயிற்று. வந்து கடிதம் வாங்கிக்கொள்ள அன்று மத்தியானம் சுமார் ஒரு மணி நேரம்தான் அவகாசம். யார் முன்கூட்டியே தயாராக இருந்தார்களோ அவர்கள் முதலில் வந்தார்கள். 2012 பிப்ரவரி 2-ம் தேதி சுப்ரீம் கோர்ட் 122 லைசென்ஸ்களை ரத்து செய்தது, அந்த முறையிலேயே அடிப்படைக் குறை இருக்கிறது என்றும் சொன்னது. கிரிமினல் வழக்கில் 2017-ல் தனி நீதிமன்றம் எல்லோரையும் விடுதலை செய்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் முறை. குற்றம் நிரூபணம் ஆகவில்லை என்பது ஒன்று. வரிசை நேராக இல்லை என்பது வேறு. என் ஃபைல் விஷயத்திலும் எந்தக் கோர்ட்டும் என்னைத் தண்டித்திருக்காது.

இனி நமக்குக் கையில் இருக்கும் ஆயுதத்துக்கு வருகிறேன். 2005 அக்டோபர் 12 முதல் அமலில் இருக்கும் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கட்டிக் கேள்வி கேட்கும் சட்டம் என்று எல்லோருக்கும் தெரியும். அதன் நாலாவது பிரிவைத்தான் யாரும் படிப்பதில்லை. கேட்காமலே அலுவலகங்கள் தாமாக வெளியிட வேண்டியவை அதில் பட்டியலாக இருக்கின்றன. யார் யாருக்கு அனுமதி, பெர்மிட், சலுகை கொடுத்தோம் என்ற விவரம் அதில் ஒன்று. ஒரு முடிவால் பாதிக்கப்படுகிறவருக்கு அதன் காரணத்தைத் தர வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. 1976-ல் இது இருந்திருந்தால் அந்தப் பட்டறைக்காரர் என் முன்னால் நின்று கேட்டிருக்க வேண்டாம். நானும் அந்த ஃபைலை மேலே வைக்கப் பயந்திருப்பேன். பயம்தான், வேறொன்றுமில்லை. நல்ல புத்தி தானாக வந்திருக்கும் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

நம் சங்கத்து மாமி ஒருவர். கணவர் காலமான பிறகு ஆத்திலேயே பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், அப்பளம் செய்து விற்கிறார். 2014-ல் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்யப் போனார். 2011-ல் வந்த விதிகளின்படி, அப்போது வருஷத்துக்கு 12 லட்சம் ரூபாய் வரை விற்பனை உள்ள சின்ன வியாபாரிக்கு லைசென்ஸ் வேண்டாம், பதிவு போதும். கட்டணம் வருஷத்துக்கு 100 ரூபாய். ஆனால் மாமியிடம் தண்ணீர்ப் பரிசோதனை ரிப்போர்ட், வீட்டு வரைபடம், இன்னும் என்னென்னவோ கேட்டார்கள். எல்லாம் பெரிய லைசென்ஸுக்குக் கேட்கிற காகிதங்கள். வெளியே நின்ற ஏஜெண்ட் நாலாயிரம் கேட்டான். மாமி என்னிடம் வந்து, "கொடுத்துத் தொலைச்சுடட்டுமா? ஒங்களுக்கு அங்க யாரையாவது தெரியுமா?" என்றார்.

தெரியும். அந்த அலுவலகத்தில் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு போன் போதும். கையை போனுக்குக் கொண்டுபோய்த் திரும்ப எடுத்துக்கொண்டேன் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

போனுக்குப் பதில் ஒரு கடிதம் எழுதினோம். விதியில் இப்படி இருக்கிறது: பதிவு விண்ணப்பம் வந்த ஏழு நாளுக்குள் பதிவு தர வேண்டும், அல்லது எழுத்தில் காரணம் சொல்லி மறுக்க வேண்டும், அல்லது வந்து பார்க்கப் போவதாக நோட்டீஸ் தர வேண்டும். முப்பது நாளில் ஒரு முடிவும் தெரிவிக்காவிட்டால் வியாபாரத்தை ஆரம்பிக்கலாம். அந்த விதியை எடுத்து எழுதி, நீங்கள் கேட்கும் காகிதங்கள் எந்த விதியின் கீழ் என்று எழுத்தில் தெரிவிக்கவும் என்று கேட்டு, ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினோம். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. அப்புறம் யாரும் காகிதம் கேட்கவில்லை. ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். சின்ன வயசுப் பையன், மரியாதையாகத்தான் பேசினான். சமையலறையைப் பார்த்துவிட்டு, மிளகாய்த்தூளைப் பில் இல்லாமல் உதிரியாக வாங்காதீர்கள், கலப்படம் இருந்தால் உங்கள் தலையில்தான் விழும் என்றான். மாமிக்குக் கோபம். "நாப்பது வருஷமா சமைக்கறேன், இவன் சொல்லித் தரானா!" என்று அப்புறம் என்னிடம் பொரிந்தார். எனக்கென்னவோ அவன் சொன்னது சரி என்றே பட்டது. அதற்குத்தானே அவனுக்குச் சம்பளம். அந்த மாசமே பதிவுச் சான்று வந்தது. நூறு ரூபாயில்.

இப்போது இது எல்லாமே இணையத்தில். 2020 முதல் ஃபாஸ்காஸ் என்ற தளத்தில் விண்ணப்பிக்கிறோம். வரம்பும் கட்டணமும் மாறக்கூடியவை, விண்ணப்பிக்கும் நாளில் அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். கவுண்டர் மறைந்துவிட்டது என்று சந்தோஷப்படுகிறோம், ஏஜெண்ட் மட்டும் மறையவில்லை. இப்போது அவனும் ஒரு தளம் வைத்திருக்கிறான், பார்க்க சர்க்கார் தளம் மாதிரியே இருக்கும். 2023-ல் ஜன் விஸ்வாஸ் சட்டம் வந்து, 42 சட்டங்களில் 183 பிரிவுகளில் சின்னத் தவறுகளுக்கு ஜெயில் என்பதை எடுத்தோ குறைத்தோ விட்டது. நல்ல காரியம். சாதாரண வியாபாரியை இன்ஸ்பெக்டர் பயமுறுத்துவது ஜெயிலைக் காட்டித்தானே.

கடைசியாக ஒன்று. செயலாளர் கோபித்துக்கொள்ளக் கூடாது. நம் சங்கத்து ஹாலைக் கல்யாணம், உபநயனம், சஷ்டியப்தபூர்த்திக்கு வாடகைக்கு விடுகிறோம். தை மாச முகூர்த்தத்துக்கு எத்தனை பேர் கேட்கிறார்கள், யாருக்குக் கிடைக்கிறது? புக்கிங் நோட்டு செயலாளர் மேஜை டிராயரில் இருக்கிறது. சமையல் காண்டிராக்ட் பத்து வருஷமாக ஒருவரிடமே. நன்றாகத்தான் செய்கிறார், அவர் ரசத்தைக் குறை சொல்லவில்லை. (சிரிப்பு.) ஆனால் வேறு யாரிடமாவது கொட்டேஷன் கேட்டோமா? போன வருஷம் ஒரு பரிசாரகர் விண்ணப்பம் கொடுத்தார். அவருக்கு நாம் பதிலே போடவில்லை. செயற்குழுவில் நானும் இருந்தேன், ஆகவே எனக்கும் அதில் பங்கு உண்டு. புக்கிங் வரிசையை, பெயர் வேண்டாம், நம்பரும் தேதியும் மட்டும், நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். விண்ணப்பித்த பரிசாரகருக்கு இந்த மாசத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும் என்று இரண்டு தீர்மானங்களைச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மத்தியானம் பொதுக்குழுவில் வரும். தயவுசெய்து சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போகாமல் வந்து கை தூக்குங்கள், எதிராக இருந்தாலும் சரி.

அப்பளம், ஊறுகாய், கேட்டரிங், டியூஷன் சென்டர் என்று எது ஆரம்பிக்கிறவர்களும், விண்ணப்பம் எங்காவது மாட்டிக்கொண்டு நிற்கிறவர்களும் சாப்பாட்டுக்குப் பிறகு லைப்ரரி அறையில் என்னைப் பார்க்கலாம். விண்ணப்பத்தின் நகலும் பணம் கட்டிய ரசீதும் கொண்டுவாருங்கள். அங்கே வந்த வரிசையில்தான் பார்ப்பேன். சம்பந்தி வீட்டார் நாலு பேர் இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.